கெ.மெ., தந்தை பெயர் கெ.

மெலிஸ்ஸராட்டா, கெஃபலோனியாத் தீவு
ஆகஸ்ட் 22, தேவமாதா நோன்பு முடிந்து ஏழாம் நாள்

என் சகோதரி ரெங்கினாவின் வயிற்றில் பிறந்தவனும், ஏதென்ஸ் மாநகரத்தில் எண்களை ஆராய்ந்து சம்பளம் வாங்குகிறவனும், ஞானஸ்நானத்தன்று எண்ணெய் பூசிய மேனியோடு என் கையிலிருந்து வழுக்கித் தொட்டிக்குள் விழுந்து எழுந்தவனுமாகிய அருமை மருமகன் கெராசிமோசுக்கு, உன் தாய்மாமனும் ஞானத்தந்தையுமாகிய கெராசிமோஸ் மெலிஸ்ஸராட்டோஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையும், நம் தீவைக் காக்கும் புனித கெராசிமோசுடைய பரிந்துரையும் நீ இருக்கும் இடத்தில் உன்னோடிருப்பனவாக. நீ எந்த இடத்தில் இருக்கிறாய் என்பது தெரியாமையால் பொதுவாகவே வேண்டிக்கொண்டேன். பதினொரு முறை தொலைபேசியில் அழைத்தேன். பதினொரு முறையும் ஒரு பெண்குரல் நீ எல்லைக்கு அப்பால் இருப்பதாகச் சொன்னது. படகில் போயிருப்பதாக உன் அலுவலகத்துக் காவலாளி தெரிவித்தார். கடலில் இருப்பவர்களுக்காக ஞாயிறுதோறும் நாங்கள் ஏறெடுக்கும் மன்றாட்டில் நீயும் அடங்குவாய்.

நான் சுகம். முழங்கால் சுகமில்லை, அதைக் கேட்டு எழுதும் வழக்கம் உனக்கு இல்லாமையால் விட்டுவிடுகிறேன். உன் அம்மாவும் சுகம். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அதன் காரணம் கீழே வருகிறது. அதை வாசிக்கும்போது நீ உட்கார்ந்திருப்பது நல்லது.

"அது ஒரு மத்தியான வேலை மாமா. பட்டியல்தான் பொதுவுல கெடக்கே. எடுத்து வரிசைப்படுத்தினா முடிஞ்சுது" என்று ஜூலை முதல் வாரத்தில் நீ சொன்னாய் அல்லவா, அந்த மத்தியானம் இன்னும் முடியவில்லை. ஏழு வாரமாக அது நீண்டுகொண்டிருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் பத்ராஸ் பள்ளியில் பழங்காவியம் நடத்தியவன் நான். கப்பல்களின் பட்டியல் வரும் பகுதியில் பிள்ளைகள் மேசைமேல் தலைவைத்துத் தூங்குவார்கள். பட்டியலின் அழகு உங்களுக்குத் தெரியாது என்று நான் கடிந்துகொள்வேன். அந்தப் பிள்ளைகள் எல்லோரிடமும் இன்று மன்னிப்புக் கேட்கிறேன். தன் குடிகளை எண்ணிப் பார்த்த அரசனின் நாட்டில் கொள்ளைநோய் விழுந்தது என்பது மறைநூல் படித்தவனுக்குத் தெரியும். தெரிந்தும் நான் எண்ணினேன்.

விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும், மறுபாதியை நீ பாட்டு கேட்டுக்கொண்டே கேட்டாய். பிரைலாத் துறைமுகத்தில் கோதுமை விற்றுச் செல்வரான நம் ஊர்க்காரர் எழுதிவைத்த உயிலின்படி, மெலிஸ்ஸராட்டாவில் பிறந்த பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. ஒருவருக்கு ஒருமுறைதான், யாரேனும் இருமுறை பெற்றதாகத் தெரிந்தால் அறக்கட்டளையே கலைந்து அரசாங்கத்தோடு சேரவேண்டும் என்பது உயிலின் கடைசி வரி. கொடையாளரின் பெயர் கெராசிமோஸ் மெலிஸ்ஸராட்டோஸ். அவருடைய தந்தையார் பெயரை நீயே ஊகிப்பாய். பங்குத்தந்தையும், பள்ளித் தலைமையாசிரியையும், செயலாளனாக நானும் குழுவில் இருக்கிறோம். நான் ஊருக்குத் திரும்பி இப்பொறுப்பை ஏற்று இருபது வருஷமாகிறது. அதற்கு முந்திய காலத்துக்கு நான் சாட்சியல்லன். பழைய கோப்புகளும் சாட்சியல்ல. நிலநடுக்கத்தன்று அலமாரியோடு அவை மழைநீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டன. மிச்சமிருப்பது, சட்டப்படி நாங்கள் இணையத்தில் வெளியிட்டிருக்கும் பட்டியல் ஒன்றே: முப்பத்தொரு வருஷத்து விண்ணப்பதாரர்கள், அவர்களில் தேர்வானவர்கள், படிக்கப்போன பாடம், போன ஊர்.

அந்தப் பட்டியலில் முழுப்பெயர் இருந்தவரை எவருக்கும் குறையில்லை. பிறகு, தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காக்கவேண்டுமென்று ஒரு சட்டம் வந்தது. பெயர்களை அழித்து முதலெழுத்துகளை மட்டும் வைத்தோம். ஜூன் மாதத்தில் இவ்வாண்டுத் தேர்வையும் அதே முறையில் சேர்த்தோம். ஏதென்சிலுள்ள தணிக்கை அலுவலகத்தில் கலியோபி தெமெர்சி என்னும் அம்மையார், அறக்கட்டளைகள் வெளியிட்ட பட்டியல்களையெல்லாம் ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார். அதன் ஒன்பதாம் பக்கத்தில் நம் ஊர் வருகிறது. "கெ.மெ., தந்தை பெயர் கெ., என்னும் விண்ணப்பதாரர் முப்பத்தொரு ஆண்டுகளில் அறுபத்தொரு முறை விண்ணப்பித்துப் பதினான்கு முறை உதவித்தொகை பெற்றுள்ளார். பல் மருத்துவம், பாலம் கட்டுதல், திராட்சைப் பயிர், கடற்சட்டம், புள்ளியியல் முதலியவற்றைக் கற்றுள்ளார். சில ஆண்டுகளில் ஒரே சமயத்தில் இரு நாடுகளில் பயின்றுள்ளார். இவ்வாண்டு பதினைந்தாம் முறையாகத் தேர்வாகியுள்ளார்." ஒரு பத்திரிகை 'நித்திய மாணவன்' என்று தலைப்பிட்டுக் கேலிப்படம் போட்டது. தாடி முழங்கால்வரை இருந்தது. கையில் புத்தகப்பை. மறுநாள் தேர்வை நிறுத்திவைத்து ஆணை வந்தது.

பதினைந்தாம் முறை தேர்வான அந்த நித்திய மாணவன் கெராசிமூலா. கப்பலில் கயிறு கட்டுகிற கெராசிமோசின் மகள். வயது இருபத்து மூன்று. நிலம் நடுங்கினாலும் கல்வீடு விழாமல் நிற்க என்ன செய்யவேண்டும் என்பதைக் கற்க டெல்ஃப்ட் நகரத்துப் பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. உதவித்தொகைக்கான உறுதிக் கடிதம் ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் அங்கே சேரவேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் கைவிரல் நுழையும் அளவு விரிசல் உண்டு. அதன்மேல் நாட்காட்டி மாட்டியிருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் அந்த நாட்காட்டியைப் பார்க்காமலிருக்க முயல்வேன்.

தெமெர்சி அம்மையாரை ஜூலை ஐந்தாம் தேதி தொலைபேசியில் பிடித்தேன்.

"அம்மா, அது ஒரே ஆள் இல்ல. பதினாலு பேர்" என்றேன்.

"பதினாலு பேருக்கும் ஒரே பேரா?"

"ஆமாம்மா."

"அவங்க அப்பாக்களுக்கும்?"

"ஆமா. ஊரே ஒரு குடும்பத்துல இருந்து வந்ததும்மா. மூத்த பையனுக்குத் தாத்தா பேரு. மத்தவங்களுக்குப் புனிதர் பேரு. தாத்தாவுக்கும் புனிதர் பேருதான்."

"சார், நான் தெசலோனிக்கிக்காரி. தீவுக்காரங்க பேச்சையெல்லாம் நான் நிறையக் கேட்டிருக்கேன்" என்றார். பிறகு சற்று இரங்கி, "சரி, ஊருக்குள்ள இவங்கள எப்படித்தான் பிரிச்சுக் கூப்பிடுறீங்க? ஏதாவது வழக்கம் இருக்கணுமே. அத ஒரு பத்தியாப் போட்டு, அஞ்சு நாள் ஊர்ல பொதுவா ஒட்டிவச்சு, யாருக்கும் ஆட்சேபம் இல்லன்னு எழுதி அனுப்புங்க. பாக்கலாம்" என்றார்.

சரியென்று தொலைபேசியை வைத்தேன். வழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட வழக்கம் என்பதும் தெரியும். பட்டப்பெயர் இல்லாத ஆண்மகன் மெலிஸ்ஸராட்டாவில் இல்லை; அதை அவனுடைய முகத்துக்கு நேரே சொன்னவனும் இல்லை. ஒருவனுடைய பட்டப்பெயர் அச்சில் ஏறுவது ஒரே ஒரு முறை, அவனுடைய மரண அறிவிப்பில். எந்த கெராசிமோஸ் போனான் என்று ஊருக்குத் தெரியவேண்டுமே. பழங்காவியத்தில் வீரர்களுக்கு விரைந்த காலோன், ஒளிரும் தலைக்கவசத்தோன் என்று அடைமொழிகள் உண்டு. அவர்கள் அவற்றைக் கேட்டு மகிழ்ந்தார்கள். நமக்கு வாய்த்தவை மூன்றுகால் ஆடு, பிஷப்பின் கோழி, அரை மீசை. மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று படிக்கிறோம். நம் ஊர் ஆடுகளை அந்த மேய்ப்பனும் பட்டப்பெயர் சொல்லித்தான் பிரித்தழைக்க முடியும்.

எனக்கு மட்டும் அப்படியொரு பெயர் கிடையாது என்பதை ஆண்டவருக்கு நன்றியோடு நினைத்துக்கொண்டு, நோன்பின் முதல் நாளாகிய ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, எண்ணெய்விடாத பயற்றங்கஞ்சியைக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். என் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை இயக்கத் தெரிந்தவள் கெராசிமூலா ஒருத்திதான். ஆனால் அவள் இந்த வழக்கில் ஒரு கட்சி. தன் தேர்வைக் காப்பாற்றும் அட்டவணையைத் தானே தொட்டாள் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது. ஆகையால் அவளை முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில், எனக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். நான் உள்ளே ஜன்னலருகில் அமர்ந்து கேட்பேன், அவள் வெளியிலிருந்து சொல்வாள்.

"வாத்தியாரய்யா, இப்ப அந்தப் பத்தி தலைப்புமேல வச்சு வலது பக்கம் அமுக்குங்க."

"உன் வலதா, என் வலதா?"

"ரெண்டும் ஒண்ணுதான். நான் முதுகு காட்டித்தானே உக்காந்திருக்கேன்."

"அமுக்கிட்டேன். எல்லாம் நீலமாயிடுச்சு."

"எல்லாமா? எவ்வளவு நீலம்?"

"கடல் மாதிரி."

"கைய எடுத்துருங்க. எதையும் தொடாதீங்க. நான் திரும்பிப் பாக்கவா?"

"திரும்பாதே."

"நான் போகணும்னுதானே இவ்வளவும் பண்றீங்க? ஒரு தடவ திரும்பிப் பாத்தா ஊர்போய்ச் சேருவேன்."

"அதுக்காகத்தான் சொல்றேன், திரும்பாதே."

இவ்விதம் நான்கு நாளில் முடியவேண்டியது ஒன்பது நாளாயிற்று. பலன் இதுதான். விண்ணப்பம் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. உதவித்தொகை பெற்றோர் நாற்பத்து மூவர். பெண்கள் கேட்டது எழுபத்தொன்று, பெற்றது பத்தொன்பது. ஆண்களைவிட நன்றாகப் பெற்றிருக்கிறார்கள், இதைத் தலைமையாசிரியை மூன்று முறை சத்தமாக வாசித்தார். ஊர் திரும்பியவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் இருவர் பெட்டியில் திரும்பினார்கள். கெ.மெ. பெயரிலுள்ள அறுபத்தொரு விண்ணப்பங்களில் ஒன்பது ஒரே ஆளுடையவை, அவன் 'நாளைக்கு'. காபிக்கடை எதிரில் வலை பழுதுபார்க்கிறானே, அவன்தான். ஒன்பது வருஷமும் அவனுடைய விண்ணப்பம் கெடு முடிந்த மறுநாள் வந்திருக்கிறது. என்ன பாடத்துக்கு என்று பார்த்தேன். மேலாண்மை.

பட்டப்பெயர்ப் பத்தியை நிரப்புவதற்காக நான் வீடுவீடாகப் போனேன். தன் பெயரைச் சொல்ல ஒருவனும் வாய் திறக்கவில்லை. பிறருடையதைச் சொல்ல ஊரே வரிசையில் நின்றது; யார் எந்த வருஷம் எந்த ஊருக்குப் படிக்கப்போனான் என்பதையும் கூடவே சொன்னது. திரும்பி வந்த அறுவரில் ஒருவனான பல் மருத்துவனை ஆர்கோஸ்டோலியில் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் ஒரு கிழவர் வாய் பிளந்து கிடந்தார்.

"வாத்தியாரே, என் பேருக்கு நேரா 'டாக்டர்'னு போட்டுருங்க" என்றான்.

"உன்ன யாரு டாக்டர்னு கூப்பிடுறாங்க? பல் வலிச்சா நம்ம ஊர்ல எல்லாரும் லிக்சூரிக்குப் படகேறிப் போறாங்க."

"அப்ப ஒண்ணுமே போடாதீங்க. எனக்குப் பட்டப்பேரே கெடையாது."

நாற்காலியிலிருந்த கிழவர் வாயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, "மூணுகால் ஆடு" என்றார். "இவன் தாத்தா ஒரு மூணுகால் ஆட்ட நாலுகால் ஆடுன்னு எங்கப்பாகிட்ட வித்தாரு. வைக்கோல் மேல நிக்கவச்சுக் காட்டுனாரு." பிறகு பஞ்சைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். மருத்துவன் அவரை நெடுநேரம் பார்த்தான். அன்று அந்தக் கிழவருக்கு எந்தப் பல் போயிற்றென்று நான் கேட்கவில்லை.

தணிக்கை அம்மையார் சொன்னபடி பட்டியலை ஐந்து நாள் ஒட்டிவைக்க வேண்டுமே. புனிதரின் திருநாள் பதினாறாம் தேதி முடிந்தது. பதினேழாம் தேதி விடியற்காலையில், பதினான்கு பெயர்களையும் அவற்றின் பட்டப்பெயர்களையும் ஆண்டு வரிசையில் அழகிய எழுத்தில் எழுதி, ஊரார் எல்லோர் கண்ணும் படுகிற இடம் எதுவென்று யோசித்து, கோவில் கதவில் ஒட்டினேன். மருமகனே, எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இவ்வளவு பிழை செய்யலாமா என்று நீ கேட்பாய். கோவில் கதவில் நாம் ஒட்டுவது மரண அறிவிப்பு மட்டுமே என்பதும், பட்டப்பெயரோடு பெயர் வருவது அதில் மட்டுமே என்பதும் பசை காயும்வரை என் நினைவுக்கு வரவில்லை.

மணியடிக்கிற ஸ்டாத்திஸ் முதலில் வந்தார். பதினான்கு பேரைக் கண்டார். துக்க மணியைப் பதினான்கு முறை அடித்தால் ஒருவேளை யாரையாவது விட்டுவிடுவோம் என்று நிறுத்தாமல் அடித்தார். பெண்கள் கறுப்பு உடுத்தி வந்தார்கள். எங்கே போன கப்பல், எந்தக் கடல் என்று அழுதார்கள். பங்குத்தந்தை, தூங்கியெழுந்த முகத்தோடு, பதினான்கு ஆத்துமாக்களின் நினைவுச் சடங்குக்குத் தேவையான கோதுமையை யார் அவிப்பது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார். உண்மையை நான் விளக்கிச் சொன்னதும் அழுகை நின்றது. ஆனால் அதன்பின் வந்தது அழுகையைவிடக் கொடுமை.

"செத்திருந்தாக்கூடப் பரவாயில்ல, உசுரோட இருக்கிறப்பவா எம்புள்ளைய 'பிஷப்பின் கோழி'ன்னு எழுதுவீங்க?" என்றாள் ஒருத்தி.

மொத்தம் இருபத்திரண்டு ஆட்சேபம் எழுத்தில் வந்தது. தன் வீட்டுப் பெயர் பொய், மற்றவை எல்லாம் சரியென்பதே இருபத்தொன்றின் சாரம். மீதமுள்ளது, காலமான தன் கணவருக்கு இருந்தது அரை மீசையல்ல, முழு மீசையென்று ஒரு விதவை எழுதியது. அவருடைய பாலம் கட்டும் படிப்பைப் பற்றி ஆட்சேபமில்லையாம். பல் மருத்துவன் மத்தியானம் தொலைபேசியில் அழைத்தான்.

"வாத்தியாரே, நான் செத்துட்டேனாம். ஏழு பேரு அப்பாயின்ட்மென்ட ரத்து பண்ணிட்டாங்க. எட்டாவது ஆளு வந்து உக்காந்திருக்காரு, என்னப் பாத்து சிலுவை போட்டுக்கிறாரு."

ஏதென்சுக்கு அழைத்து வேறு வழி கேட்கலாமென்றால், ஆகஸ்டில் ஏதென்சில் யார் இருக்கிறார்கள்? மணி அடித்தபடியே இருக்கும். தணிக்கை அலுவலகத்தில் ஒருமுறை யாரோ எடுத்தார்கள், துப்புரவுப் பெண். அவர் அன்போடு கேட்டுவிட்டு, அறக்கட்டளை என்றால் என்னவென்று கேட்டார்.

நேற்று ஐந்தாம் நாள் முடிந்தது. எப்படியும் அனுப்பிவிடுவோமென்று பட்டியலை இறுதியாகச் சரிபார்க்க உட்கார்ந்தேன். கெராசிமூலா வழக்கம்போல எலுமிச்சை மரத்தடியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பட்டப்பெயர் வரிசைப்படி அடுக்கச் சொன்னாள். அடுக்கினேன். வரிகள் பதினான்கு இருந்தன. பெயர்கள் பதின்மூன்றே இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் பொலோன்யாவுக்குக் கடற்சட்டம் படிக்கப்போன கெ.மெ., 'ஈரத் தீக்குச்சி'. இரண்டாயிரத்தொன்றில் கிளாஸ்கோவுக்குப் புள்ளியியல் படிக்கப்போன கெ.மெ., 'ஈரத் தீக்குச்சி'.

"என்னாச்சு வாத்தியாரய்யா? சத்தமே காணோம்" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ வீட்டுக்குப் போ."

"பதினாலும் சரியா வந்துருச்சா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாகத் திரும்பினாள், நானும் தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எழுந்து போனாள்.

கிளாஸ்கோவில் புள்ளியியல் படித்தவன் நீ என்பது எனக்குத் தெரியும். ஈரத் தீக்குச்சி நீ என்பதும் தெரியும். உயிர்ப்புப் பெருவிழாவில் ஊரே மெழுகுவர்த்தியோடு காத்திருக்க, ஏழு குச்சி கிழித்தும் எதுவும் பற்றாமல் நீ விழித்த விழியை நான் பாடகர் மேடையிலிருந்து பார்த்தேன். அதற்குமுன் பொலோன்யாவுக்கும் போய்வந்தாய் என்பது எனக்கு இதுவரை தெரியாது. அந்நாளில் நான் பத்ராசில் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவிடம் கேட்டேன்.

"எம்புள்ள ரெண்டு தடவ வாங்கினான்னு என் கூடப்பொறந்தவனே கேக்குறியா? தொட்டிக்குள்ள அவன நழுவவிட்ட கைதானே அது" என்று சொல்லிக் கதவை அடைத்தாள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

கெராசிமோஸ், நான் களைத்துப்போனேன். தணிக்கை அம்மையார் தவறு செய்தாரென்று நிரூபிக்கப் புறப்பட்டு, அவர் சொன்னதில் பதினான்கில் ஒரு பங்கு உண்மையென்று நானே கண்டுபிடித்திருக்கிறேன். இதை மறைத்து அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமை பாடகர் மேடையில் நின்று நான் எந்த வாயால் பாடுவேன்? மறைக்காமல் அனுப்பினால் அறக்கட்டளை கலையும். அந்தப் பெண் நாட்காட்டிக்குப் பின்னாலிருக்கும் விரிசலோடு இங்கேயே இருப்பாள். நேற்று மாலை ஆராதனையில் ஒவ்வொரு வேண்டுதலையும் இழுத்து இழுத்துப் பாடினேன். முடித்தால் வீட்டுக்குப் போய் இதை எழுதவேண்டுமே என்றுதான். ஸ்டாத்திஸ் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டினார்.

உன்னிடம் கேட்பது ஒன்றே. படகைவிட்டு இறங்கு. முப்பதாம் தேதிக்குள் வந்து, இருமுறை வாங்கியது நீ, அது அந்நாளைய குழுவின் பிழை, இன்றைய குழுவுக்கும் இந்தப் பெண்ணுக்கும் அதில் பங்கில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடு. தணிக்கை அம்மையார் கல்மனம் உடையவரல்லர், குரலில் தெரிந்தது. குற்றத்தை ஒருவன் தன்மேல் ஏற்றுக்கொண்டால் மற்றவர்கள் விடுபடக்கூடும். உன்னை நான் கடிந்துகொள்ள மாட்டேன். கடிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். பிள்ளைக்கு என் பெயரையே வைத்ததற்கு இதுவரை மகிழ்ந்திருந்தேன். வானமும் பூமியும் படைத்தவர் உங்களைக் கடலின் சீற்றத்திலிருந்தும், அதைவிட அட்டவணைகளிலிருந்தும் காத்தருள்வாராக. உன் நிழலும் உன் வீட்டு நிழலும் குளிர்ந்திருப்பனவாக.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் அன்பு குறையாத தாய்மாமன்,
கெராசிமோஸ் மெலிஸ்ஸராட்டோஸ்

பின்குறிப்பு: ஆகஸ்ட் 23, காலை. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை நீ வாசித்திருந்தால், வாசிக்காதவனாக இரு.

இன்று காலை காபி அடுப்பில் இருக்கும்போது 'நாளைக்கு' என் வாசலில் வந்து நின்றான். வலை தைக்கும் ஊசி கையிலேயே இருந்தது. அறுபத்தொரு விண்ணப்பம் கொண்ட பெரிய அட்டவணையில் அவனுடைய பட்டப்பெயரையும் நான் எழுதியிருப்பதாக ஸ்டாத்திஸ் சொல்லியிருக்கிறார்.

"வாத்தியாரே, என்ன 'நாளைக்கு'ன்னு எழுதியிருக்கீங்களாமே. நியாயமா இது? நான் என்ன எல்லாத்தையும் தள்ளியா போடுறேன்? இந்தாங்க உங்க லெட்டரு. தபால்காரர் என்கிட்டக் குடுத்து, அந்தப் பக்கம் போறப்ப வாத்தியார்கிட்டக் குடுத்துருன்னாரு. குடுக்கணும்னு அன்னைக்கே கடியாரத்துக்குப் பின்னால பத்திரமா வச்சேன். இதோ, இந்தக் கோடையிலேயே கொண்டாந்துட்டேன்ல?"

ஏதென்ஸ் தணிக்கை அலுவலகத்தின் கடிதம். தேதி ஜூலை பதினெட்டு. வரித்துறை எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் கெ.மெ., தந்தை பெயர் கெ., என்னும் பதினான்கு பேரும் பதினான்கு தனி மனிதர்களே என்று உறுதியாகிவிட்டதாகவும், இவ்வாண்டுத் தேர்வு செல்லுமென்றும், முன்பு எழுதியதற்கு வருந்துவதாகவும் தெமெர்சி அம்மையார் எழுதியிருக்கிறார். மெலிஸ்ஸராட்டாவின் வரிப்பதிவேட்டைத் திறந்த பிறகு அவருடைய அலுவலகத்தில் இரண்டு நாள் வேறு வேலை நடக்கவில்லையாம். டெல்ஃப்டுக்கான உறுதிக் கடிதமும் முத்திரையோடு உள்ளே இருந்தது.

ஆகவே, நான் பட்டினியோடு எண்ணத் தொடங்கிய நாளுக்குப் பதினான்கு நாள் முன்பே எல்லாம் தீர்ந்திருந்தது. நீ ஒருமுறைதான் வாங்கினாய். கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளியதும் உன் அம்மா திறந்தாள். பொலோன்யாவுக்குப் போனவன் உன் அப்பாவின் பங்காளி மகனாம். ஈரத் தீக்குச்சி என்பது உன் கொள்ளுப்பாட்டனார் காலத்திலிருந்து அந்த வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் சேர்ந்த பெயராம்; நீ கிழித்த ஏழு குச்சிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "இத நேத்தே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன். "நீ கேட்ட தொனிக்கு நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள். மன்னித்துவிடு. படகிலேயே இரு.

கெராசிமூலா இருபத்தேழாம் தேதிக் கப்பலில் போகிறாள்; கயிற்றை அவிழ்ப்பது அவளுடைய அப்பா. செய்தியைச் சொன்னபோது அவள் அழவில்லை. நாட்காட்டியைக் கழற்றி, விரிசலை நாலைந்து கோணத்தில் படம் எடுத்துக்கொண்டாள், பேராசிரியரிடம் காட்டவேண்டுமாம்.

இன்னொன்றும் எழுதியாகவேண்டும். வந்த உறையின் மூலையில் தபால்காரர், எந்த கெராசிமோசுக்கு என்பது தெரிவதற்காக, பென்சிலால் 'முடியாத ஆமென்' என்று எழுதியிருந்தார். யாருப்பா இது என்று 'நாளைக்கு'விடம் கேட்டேன். அவன் ஊசியைப் பார்த்தான், பிறகு காபி பொங்குவதைப் பார்த்தான், நாளைக்குச் சொல்கிறேன் என்று போய்விட்டான். கெராசிமூலாவிடம் கேட்டேன். அவள் பழக்கத்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு, "நீங்க கோவில்ல பாட ஆரம்பிச்ச இருபது வருஷமா அப்படித்தான் வாத்தியாரய்யா. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் யாரும் சொல்லல" என்றாள்.

பட்டியலின் அடியில் என் கையெழுத்துக்கு நேராக அதை நானே எழுதிவிட்டேன். நீ பதில் எழுதினால் உறையின்மேல் மறவாமல் அதைக் குறிப்பிடு. வெறும் கெராசிமோஸ் மெலிஸ்ஸராட்டோஸ் என்று எழுதினால் அது எந்தக் கடிகாரத்துக்குப் பின்னால் போய்ச் சேருமென்று சொல்வதற்கில்லை. இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டதாக இப்போதுதான் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆமென்.

உன் அம்மாவும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஆமென்.